கசுமோரியில் நாற்பது விநாடி

டோக்கியோவில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வியாதி. திங்கள் முதல் வெள்ளி வரை ரயிலில் நசுங்கி, சனிக்கிழமை துணி துவைத்து வீட்டைப் பெருக்கி, ஞாயிறு காலை விடிந்தும் விடியாமலும் புளியோதரையைக் கட்டிக்கொண்டு மறுபடி அதே ரயிலில் ஏறிவிடுவார்கள். நிஷி கசாயில் எங்கள் கூட்டம் இருபத்துமூன்று பேர். கவாகோயேவுக்குப் போய்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்ய முடியாத பண்டம் ஏதாவது உலகத்தில் உண்டா என்று தேடினோம், காமகுராவில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் பெரிய புத்தரின் வயிற்றுக்குள் வரிசையாகப் புகுந்து வரிசையாக வெளியே வந்தோம், யானகா சந்துகளில் பூனைகளுக்குப் பெயர் வைத்தோம், எனோஷிமா கடற்கரையில் என் கையிலிருந்த வடையைப் பருந்துக்குப் பறிகொடுத்தோம், இப்படியே நான்கு வருடத்தில் அந்தப் பெருநகரத்தைச் சுற்றி ஒரு பகலில் போய்த் திரும்பக்கூடிய ஊர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

என் பெயர் மங்கையர்க்கரசி, சொந்த ஊர் மதுரை. மற்றவர்களைவிட எனக்கு ஜப்பானிய மொழி கொஞ்சம் கூடுதல், வாய் அதைவிடக் கூடுதல், அதனால் டிக்கெட்டிலிருந்து கழிப்பறை எங்கே என்பது வரை எல்லாம் என் தலையில் விழுந்து, 'கண்டக்டர் அக்கா' என்ற பட்டமும் கூடவே விழுந்தது. எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். எந்த ஊரில் ரயில் ஏறினாலும், எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நான் 'ஒண்ணு' என்பேன். அடுத்தடுத்து அவரவர் எண்ணை அவரவர் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் இரண்டு. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு அதையே எனக்கு வாசித்துக் காட்டும் செழியன் ஒன்பது, அவன் மனைவி வித்யா பதினாறு, ஏனென்றால் அவள் அவனைக் கட்டிக்கொண்டு வந்தது பிற்பாடு. ஆவுடையப்பன் பதினாலு, அவர் மனைவி செண்பகவல்லி பதினஞ்சு. இருபத்துமூன்று வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஆவுடையப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்பாசமுத்திரத்துக்காரர், பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. கூட்டத்தின் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்குவது எப்போதும் அவர்தான். ஜப்பானில் ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் ஒரு ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் வைத்திருப்பார்கள், அந்த ஊரின் மலையோ மீனோ கோபுரமோ அதில் செதுக்கியிருக்கும், வேண்டியவர்கள் நோட்டில் குத்திக்கொள்ளலாம். நாங்கள் எல்லாம் ஊரைப் பார்க்கப் போனால் அவர் முத்திரை குத்தப் போவார். செண்பகா கோவில்பட்டிப் பெண். அவர் முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போது அவர் தட்டிலிருந்து முந்திரிப் பருப்பைப் பொறுக்கித் தின்பது அவள் வேலை. பிள்ளை இல்லை என்ற குறையை இரண்டு பேரும் வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

போன வருடம் நவம்பரில், சிவந்த இலை பார்க்க மேற்கே மலைப்பக்கம் கிளம்பினோம். நகாமதா என்ற நிலையத்தில் அந்த ரயில் இரண்டாகப் பிரியும். முன்னால் இருக்கும் ஆறு பெட்டிகள் தகிசாவா அருவிக்குப் போகும், பின்னால் இருக்கும் நான்கு பெட்டிகள் கழன்று கசுமோரி வழியாக வேறொரு பள்ளத்தாக்குக்குப் போகும். அருவிக்குப் போகவேண்டிய நாங்கள், புளியோதரை கட்ட நேரமாகிவிட்டதால் ஓடிவந்து கிடைத்த கதவில் ஏறி, கடைசிப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டோம். நகாமதா வரப்போகிறது, முன்னால் போக வேண்டியவர்கள் தயவுசெய்து மாறிக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கி மூன்று தடவை கெஞ்சியது. அது புரியக்கூடிய ஒரே ஆள் நான், நானோ தட்டுகளில் சோறு வைத்து நீட்டிக்கொண்டிருந்தேன். வண்டி நின்ற பிறகுதான் உறைத்தது. அந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவே வழி கிடையாது, இறங்கி நடைமேடையில் ஓடித்தான் ஏறவேண்டும். இருபத்துமூன்று பேரும் கையில் தட்டோடு ஓடினோம், புறப்படும் இசை ஒலித்துக்கொண்டிருந்தது, சிலர் ஏறினார்கள், சிலர் ஏறிய கதவிலேயே இறங்கினார்கள், சிலர் செருப்புக்காகத் திரும்பினார்கள்.

அப்போதுதான் என் சட்டத்தை நானே மீறினேன். உட்கார்ந்த பிறகு எண்ணவேண்டியதை ஓட்டத்திலேயே எண்ணினேன், அதுவும் அவரவரைச் சொல்லவிடாமல் நானே தலைகளை எண்ணினேன். நாற்பத்தாறு வந்தது. பதற்றத்தில் ஒவ்வொருவரையும் இரண்டு தடவை எண்ணிவிட்டேன் என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். கதவு மூடியது, ரயில் பிரிந்தது, நாங்கள் தகிசாவாவுக்குப் போய் அருவியையும் இலைகளையும் பார்த்து, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம்.

மூன்றாம் வாரம் ஆவுடையப்பன் முத்திரை நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, இங்க பாருங்க. தகிசாவா முத்திரைக்குக் கீழ கசுமோரின்னு ஒண்ணு இருக்கு. அதே தேதி. நான்தான் குத்தியிருக்கேன், என்னை மாதிரி கோணலா வேற யாரு குத்துவா? ஆனா நாம அங்க போகலையே?"

போய்த்தான் பார்ப்போமே என்று அடுத்த ஞாயிறு எல்லோருமாகப் பின்பெட்டியில் ஏறினோம். மலை இடுக்கில் கசுமோரி வந்தது. ஒற்றை நடைமேடை, ஒரு நீளப் பெஞ்சு, ஆளில்லாத நிலையம். அங்கே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நவம்பர் மாத உடுப்பில், நவம்பர் மாதத் தட்டுகளோடு, இருபத்துமூன்று பேரும். மரம் மொட்டையாகிவிட்ட டிசம்பரில் அங்கே மட்டும் சிவந்த இலை உதிர்ந்துகொண்டிருந்தது. நான் கரண்டியோடு நின்று யாருக்கோ சோறு வைத்துக்கொண்டிருந்தேன். ஆவுடையப்பன் பாத்திரத்தைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார், பக்கத்தில் செண்பகா மரூன் ஸ்வெட்டரில், அவர் தட்டில் கை வைத்தபடி. யாரும் ரயிலை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வழித்தடத்திலும் போய்விட்டிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. நாற்பது விநாடி நின்று வண்டி கிளம்பியது.

ஆவுடையப்பன்தான் முதலில் பேசினார். "அங்கயும் பாத்திரம் என் தலையிலதானா? ஒரு எடத்துலயாவது வேற ஆள்ட்ட குடுத்திருக்கக் கூடாதாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் நாற்பத்தாறு என்று எண்ணியவள் நான்.

அந்தப் பாதையின் கடைசி நிலையத்தில் ஒனொதேரா என்ற முதியவர் இருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தினமும் வண்டியேறிக் கசுமோரிக்கு வந்து நடைமேடையைப் பெருக்குவது அவராகவே வைத்துக்கொண்ட வேலை. இப்போது அவருக்குக் கூடுதல் வேலை, எங்கள் நவம்பர் இலைகளையும் அவர்தான் பெருக்கவேண்டும், அவற்றைத் தனிக் கூடையில் போட்டுவைக்கிறார். நான் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைவிடத் தாழக் குனிந்தார்.

"தாமதத்துக்கு நாங்கள்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். அடுத்த வண்டியில் ஏறலாம் என்று அவர்களிடம் தினமும் சொல்கிறேன். சரி சரி என்கிறார்கள். இலை பார்க்கும் காலத்தில் இந்தத் தடத்தில் கூட்டம் அதிகம், இப்படி எப்போதாவது நடக்கும்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய தாமதச் சான்றிதழ்க் கட்டை எடுத்து, வேண்டுமா என்று கேட்டார். ரயில் பிந்தினால் அலுவலகத்தில் காட்டுவதற்காக அந்த நாட்டில் கொடுக்கும் துண்டுச்சீட்டு அது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வேண்டாம் என்றேன்.

நிஷி கசாயில் இந்தச் செய்தி ஒரு வாரம் காரசாரமாக ஓடியது, பிறகு பால்பாக்கெட் விலை மாதிரி சாதாரணமாகிவிட்டது. மாதம் ஒருமுறை கசுமோரி வழியாகப் போய்வருவது வழக்கமாயிற்று. பெண்கள் நவம்பரில் தாங்கள் எவ்வளவு மெலிந்திருந்தோம் என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஆண்களுக்குப் பொறாமை, அங்கே இருக்கிறவனுக்குத் திங்கட்கிழமையே கிடையாதே என்று. ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியார்களைக் காமகுரா புத்தருக்கு அடுத்தபடியாக அங்கேதான் கூட்டிப்போனோம், ஒரு மாமியார் மட்டும், அங்கே இருக்கிற மருமகள் எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லி வம்பை இழுத்துவிட்டார்.

ஏப்ரலில் செழியன் ஒரு காரியம் செய்தான். கிராமத்து ரயில்களில் கதவு தானாகத் திறக்காது, பக்கத்தில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தவேண்டும். கசுமோரிப் பெஞ்சில் தன் தொலைந்துபோன ஜாக்கெட் கிடப்பதைப் பார்த்தவன், பொத்தானை அழுத்தி இறங்கிவிட்டான். கதவு மூடுவதற்குள் ஜாக்கெட்டோடு ஏறியும்விட்டான். ஆனால் ஏறியவன் நவம்பர் முடிவெட்டில் இருந்தான், ஏன் இப்படிப் புழுங்குகிறது என்று கேட்டான், தகிசாவா வந்துவிட்டதா என்று கேட்டான். வெளியே பெஞ்சில், வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட செழியன், பனிக்குளிரில் நிதானமாகப் புளியோதரை தின்றுகொண்டிருந்தான். அவன் கடைசிவரை எங்களைப் பார்க்கவில்லை. இறங்கிய சிறிது நேரத்திலேயே எல்லாம் மறந்துவிடும், நடைமேடையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த மதியம் தவிர வேறொன்றும் நினைவில் இருப்பதில்லை என்று ஒனொதேரா எனக்கு விளக்கினார்.

வித்யா அந்த நவம்பர்க்காரனை வீட்டுக்குக் கூட்டிப்போய், புதிய பாஸ்வேர்டுகளைச் சொல்லிக்கொடுத்து, திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாள். "ஜனவரியில எங்களுக்குள்ள பெரிய சண்டைக்கா. இவனுக்கு அது தெரியாது. நானும் சொல்லலை" என்றாள். அப்படியாக விதி எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. இங்கிருந்து ஒருவர் இறங்கினால் அங்கிருந்து அதே ஆள் ஏறவேண்டும். கசுமோரியில் யாரும் பச்சைப் பொத்தானைத் தொடக்கூடாது என்று கூட்டத்துக்கு இரண்டாவது சட்டம் வந்தது.

நான் கதையை முன்பின்னாகச் சொல்கிறேன், வேண்டுமென்றேதான். ஏப்ரலுக்கு முன்னால் பிப்ரவரி இருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆவுடையப்பன் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவசரத் தொடர்பு அட்டையில் என் எண்ணைத்தான் எழுதிவைத்திருந்தார், மொழி தெரிந்தவள் என்று. நகரத்தின் மறுகோடியில் இருந்த மருத்துவமனையிலிருந்து பத்து மணிக்குப் பேசினார்கள். இறந்துவிட்டார் என்று இரண்டு தடவை, மரியாதையாக, தெளிவாகச் சொன்னார்கள். நான் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடி, செண்பகா வீட்டுக் கதவைத் தட்டி, நம் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். "கொஞ்சம் சீரியஸா இருக்காராம், கிளம்பு" என்றேன். போகிற வழியில் விழுந்துவிடக் கூடாதே என்று நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பொய் அது. அதைச் சொன்னால் நாலு தெருவோ நாற்பது மைலோ தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்புகிறோம்.

ஒரு மணி நேரம், மூன்று ரயில் மாறினோம். அந்த ஒரு மணி நேரமும் செண்பகா தாலியைக் கையில் பொத்திக்கொண்டு வேண்டிக்கொண்டே வந்தாள். திருச்செந்தூருக்கு நடந்தே வருகிறேன் என்றாள், மொட்டை போடுகிறேன் என்றாள், அவருக்கு இனி எண்ணெய்ப் பலகாரமே செய்யமாட்டேன் என்றாள். "கண்ணு முழிச்சதும் நான் பக்கத்துல இருக்கணும்க்கா" என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். மருத்துவமனை வாசலில் உண்மை தெரிந்தபோது அவள் அழவில்லை, திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் கழுவிக்கொள்ள முடியவில்லை.

காரியங்கள் நடந்தன. பதினாறாம் நாளில் ஒரு சிக்கல் வந்தது. ஆள் கசுமோரியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இங்கே பிண்டம் வைக்கலாமா என்று ஒருவர் கேட்க, ஊரிலிருந்த ஐயரை வீடியோவில் அழைத்தோம்.

அவர் யோசித்துவிட்டு, "அங்க இருக்கிறவர் பசியா இருக்காரா?" என்றார்.

"இல்ல சாமி, சாப்பிட்டுக்கிட்டே இருக்கார்."

"அப்ப இங்க போனவருக்குத்தான் பசி. வைங்கோ" என்றார். வைத்தோம்.

அதன்பிறகு எங்கள் எண்ணிக்கையில் பதினாலு இல்லை. யாருடைய எண்ணையும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பதின்மூன்று என்று ஒரு குரல் வரும், பிறகு ஒரு மூச்சு நேரம் எல்லோரும் தரையைப் பார்ப்போம், பிறகு செண்பகா 'பதினஞ்சு' என்பாள். மாதம் ஒருமுறை என்பது அவளுக்கு வாரம் ஒருமுறை ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் தனியாக நகாமதாவில் பின்பெட்டி பார்த்து ஏறி, நாற்பது விநாடி அவரைப் பார்த்துவிட்டு, கடைசி நிலையம் போய், திரும்பும்போது இன்னொரு நாற்பது விநாடி பார்த்துவிட்டு வருவாள். அவரை ஏற்றிவிடலாமா என்று கூட்டத்தில் யோசிக்காமல் இல்லை. கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டும் பார்த்தோம், திறந்த கதவில் நின்று கத்தியும் பார்த்தோம். அவர் நிமிரவில்லை. அவருக்குப் பதிலாக இறங்க இங்கே ஆள் இல்லையே.

ஆகஸ்டு கடைசியோடு அவள் விசா முடிந்தது. கோவில்பட்டியிலிருந்து அண்ணன் எனக்குப் பேசி, செவ்வாய்க்கிழமை விமானத்தில் அவளைப் பத்திரமாக ஏற்றிவிடும்படி கேட்டுக்கொண்டார், நானும் வாக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் பெட்டி கட்ட உதவப் போனேன். முத்திரை நோட்டைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அக்கா, நாயித்துக்கிழமை நான் எறங்கப் போறேன்."

எனக்குத் தெரியாததில்லை. ஏப்ரலில் செழியன் ஜாக்கெட்டோடு ஏறியபோது எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், செண்பகா மட்டும் பச்சைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒருத்தி உக்காந்திருக்காள்லா. அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. அவுக தட்டுல முந்திரியைத் திருடித் திங்கா. அவளைப் பாத்தா எனக்கு வயிறெரியுதுக்கா."

"நீ இறங்குனா அவ இங்க வருவா. வந்து இந்த வீட்டைப் பாக்கணும், இந்தப் பெட்டியைத் தூக்கிட்டுப் போகணும். நீ பட்டதை இன்னொருத்தி தலையில கட்டுறியா?"

"இன்னொருத்தி இல்லக்கா, அதுவும் நான்தான். ஆறு மாசம் நான் சொமந்தாச்சு. இனி கொஞ்ச நாள் அவ சொமக்கட்டும்." நோட்டின் மேல் ஒரு புடவையை மடித்து வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு. அவகிட்ட நேரா சொல்லிருங்க. சீரியஸ்னு சொல்லாதீக. செத்துப்போன மனுசனுக்காவ ஒரு மணி நேரம் சாமிகிட்ட கெஞ்சிக்கிட்டு வந்தேனேக்கா, நீங்க பக்கத்துல உக்காந்து தலையாட்டுனீகளே."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் சமையலறைச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு பேரும் போனோம், அவளை வழியனுப்பும் பயணம் என்று பெயர். போகும்போது கசுமோரியில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசி நிலையத்தில் ஆற்றில் கால் நனைத்தோம், சாப்பிட்டோம். ஒனொதேரா எங்களோடு கசுமோரி வரை வந்து இறங்குவதற்காகத் துடைப்பத்தோடு திரும்பும் வண்டியில் ஏறினார். செண்பகா அவரிடம் ஏதோ சொன்னாள், அரைகுறை ஜப்பானிய மொழியில். அவர் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார். வெளியே ஆகஸ்டுச் சிள்வண்டுகள் காது கிழியக் கத்தின.

கசுமோரி நெருங்கியதும் சத்தம் நின்றது. சிவந்த இலைகள் கண்ணாடியில் பட்டன. வண்டி நின்றது, ஒனொதேரா முன்கதவில் இறங்கினார். செண்பகா எழுந்து எங்கள் பக்கத்துக் கதவுக்கு வந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தவள், இருபத்துமூன்று வராமல் மூச்சு விடாதவள், நான் எப்படி விடுவேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள்.

"அந்த ஒரு மணி நேரம், அக்கா" என்றாள்.

கையை விட்டுவிட்டேன். கூட்டத்தில் எல்லோரும் வேறு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பச்சைப் பொத்தானை அழுத்தி, குளிருக்குள் இறங்கி, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவள் நடக்கிற நடையில் பெஞ்சை நோக்கிப் போனாள். எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆவுடையப்பன் குழாய்ப்பக்கம் போவதும், பெஞ்சிலிருந்து மரூன் ஸ்வெட்டர் ஒன்று எழுந்து ஓடிவருவதும், ஒனொதேரா குறுக்கே வந்து குனிந்து ஒரு சீட்டை நீட்டுவதும் மங்கலாகத் தெரிந்தன. இசை ஒலித்து முடிந்து கதவு மூடியது.

"அப்பாடா, பிடிச்சிட்டேன்" என்று மூச்சிரைக்க உட்கார்ந்தாள் செண்பகா. நெற்றியில் குங்குமம், கையில் தட்டு, தட்டில் ஆவி பறக்கும் புளியோதரை. "அவுக பாத்திரத்தைக் கழுவிட்டு அடுத்த வண்டியில வாராகளாம். என்னக்கா, இந்தக் குளிர்ல எல்லாரும் அரைக்கைச் சட்டையோட இருக்கீக? அந்தத் தாத்தா இதைக் கையில குடுத்தாக, என்னன்னு பாருங்க."

சீட்டை வாங்கினேன். தாமதச் சான்றிதழ். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி என்று அச்சடித்த கட்டங்கள் எதிலும் துளை போடாமல், ஓரத்தில் பேனாவால் ஒன்பது மாதம் என்று எழுதி, வருந்துகிறோம் என்பதன் கீழே தன் முத்திரையைக் குத்தியிருந்தார்.

வண்டி நகர்ந்துவிட்டால் என் வாய் தானாகச் சொல்லிவிடும். 'ஒண்ணு' என்றது. 'ரெண்டு' என்றார் என் வீட்டுக்காரர். அடக்கிய குரலில் ஒவ்வொன்றாக வந்து பதின்மூன்றில் நின்றது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். அந்த இடைவெளி எதற்கென்று தெரியாத ஒருத்தி எங்கள் நடுவில் இருந்தாள்.

அவள் சிரித்தாள். "பதினாலு அடுத்த வண்டியில வாராக."

நகாமதா போக முப்பத்தொரு நிமிடம் இருந்தது, அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு மணி நேரம். எனக்கு வாய் நிறையச் சொற்கள் வந்தன. வந்துடுவாரும்மா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். கொஞ்சம் முடியாம இருக்கார். நம் ஊரில் இதற்கென்று எத்தனை நல்ல சொற்கள் வைத்திருக்கிறோம். அவள் முழங்கால்மேல் கை வைத்தேன்.

"செண்பகா, ஆவுடையப்பன் செத்துட்டார். பிப்ரவரியில, ஒரு செவ்வாய்க்கிழமை. நெஞ்சுவலி. இப்ப ஆகஸ்டு மாசம். நாம ரெண்டு பேரும் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு."

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். கசுமோரி போய்விட்டிருந்தது, வெளியே பச்சை மரங்களும் சிள்வண்டுச் சத்தமும்தான். ஸ்வெட்டருக்குள் அவளுக்கு வியர்த்தது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், யாராவது ஒருவராவது சிரித்துவிடுவார்கள் என்று தேடுகிற மாதிரி. வித்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எங்கிட்ட எப்படிச் சொன்னீக?" என்று கேட்டாள்.

"பொய் சொன்னேன். சீரியஸா இருக்கார்னு சொன்னேன்."

அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். பிறகு தட்டைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து எடுத்து ஓரமாக ஒதுக்கிவைத்திருந்த முந்திரிப் பருப்புகள் ஐந்தாறு கிடந்தன. தொடாமல், தட்டைச் சாய்க்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவி குறைந்து குறைந்து நின்றது. அவள் அழுதது எனக்குக் கேட்கவில்லை, தட்டு ஆடியதுதான் தெரிந்தது. முப்பத்தொரு நிமிடமும் நான் அவள் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

நகாமதாவில் வண்டி நின்றது. தகிசாவாவிலிருந்து வந்த ஆறு பெட்டிகள் முன்னால் காத்திருந்தன, எங்கள் நான்கு பெட்டிகள் அங்குலம் அங்குலமாகப் போய் அவற்றில் கோத்துக்கொண்டன. உலுக்கலில் எல்லோரும் ஒருமுறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தோம்.

"பதினஞ்சு" என்றாள் செண்பகா.

பிறகு வித்யா பதினாறு என்றாள், அதற்குப் பிறகு பதினேழு வந்தது, இருபத்துமூன்று வரை போய் எண்ணிக்கை முடிந்தது.